காவலூரும் ஒரு கூட்டு விளையாட்டும்

மைன்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டில் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து நம் கடிகாரத்தில் 20 நிமிஷங்களே. சூரியன் சதுர வடிவமாக எழுந்து சதுர வடிவமாகவே மறைகிறது. மறைந்த பிறகு நடைப்பிணங்களும் எலும்புக்கூடுகளும் வெளியில் நடமாடத் தொடங்குகின்றன. அவற்றிடம் அகப்படாமல் இருக்க விரும்புகிறவன் கம்பளியும் பலகையும் சேர்த்து ஒரு படுக்கை செய்து அதில் படுத்துக்கொண்டானானால், இரவு முழுதும் ஒரு கணத்தில் கழிந்து பொழுது விடிந்துவிடுகிறது. தனியாக ஆடுகிறவனுக்கு இவ்வளவுதான் விஷயம். ஆனால், செல்பேசிக்கும் கணினிக்கும் கன்சோலுக்கும் பொதுவாக விளங்கும் அதன் பெட்ராக் பதிப்பில் நால்வர் கூடி ஆடும்போது, விதியை யாரும் மாற்றி வைக்காத வரையில், நால்வரும் படுத்தாலன்றி விடிவதில்லை. ஒருவன் சுரங்கத்துக்குள் இரும்பு தோண்டிக்கொண்டிருந்தால் மற்ற மூவரும் படுக்கையில் கிடந்து அவனுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். விடியலை ஒருவனுடைய சாமர்த்தியத்துக்கு விட்டுவிடாமல் நால்வருடைய சம்மதத்தின்மேல் நிறுத்திய இந்தச் சிறு விதி, விளையாட்டு சாஸ்திரத்தில் மனிதர் கண்டுபிடித்த நல்ல விஷயங்களுள் ஒன்று என்பது என் அபிப்பிராயம்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில், உத்தியோக நிமித்தமாக நான் வாசம் செய்கிறேன். சாமைக் கொல்லைகளின்மேல் பனி இறங்கி, போளூர் செல்லும் கடைசிப் பேருந்தும் போய் ஓய்ந்த பிறகு, வேலூரில் ஒரே விடுதியில் தங்கிப் படித்த நாங்கள் நால்வர், இப்போது நான்கு இடங்களில் இருந்துகொண்டு, அந்தச் சதுர உலகத்தில் கூடுகிறோம். ஒருவன் கோயம்புத்தூரில் கணினியின் முன் உட்கார்ந்திருக்கிறான். ஒருவன் டொரான்டோவில், அங்கே காலை வேளையாதலால், காப்பிக் கோப்பையோடு எக்ஸ்பாக்ஸ் கன்சோலைத் திறக்கிறான். மூன்றாமவன் சென்னையில் மின்சார ரயில் வண்டியிலிருந்தோ வீட்டு மொட்டை மாடியிலிருந்தோ செல்பேசி வழியாக வருகிறான். என்னிடம் இருப்பதும் செல்பேசியே, அதுவும் சாதாரண ரகம். உலகம் கோயம்புத்தூர்க்காரனுடைய கணினியில் இருக்கிறது. அவன் கதவைத் திறந்தால்தான் மற்றவர் உள்ளே நுழையலாம்.

நால்வரும் ஒரே மலையடிவாரத்தில் நின்றாலும் நால்வருக்கும் தெரிவது ஒன்றல்ல. என் செல்பேசி என்னைச் சுற்றிச் சிறிது தூரத்தை மட்டும் வரைந்து காட்டும். அதற்கப்பால் வெறும் மூடுபனி. டொரான்டோ நண்பனுடைய கன்சோலோ தொலைவிலுள்ள ஆறு, ஆற்றுக்கு அப்பாலுள்ள காடு, காட்டுக்கும் அப்பாலுள்ள கிராமம் வரையில் காட்டுகிறது. "மச்சான், நேரா போ, ஊர் ஒண்ணு தெரியுது" என்று அவன் சொல்வான். என் கண்ணுக்குப் புலப்படாத ஊரை நோக்கி, அவன் வாக்கை நம்பி, நான் பனிக்குள் நடப்பேன். நடந்து நெருங்கிய பின்னர்தான் கூரைகள் ஒவ்வொன்றாக எனக்கு முளைக்கும். கோயம்புத்தூர்க்காரனுக்கு மௌஸ் இருப்பதால் கை மிகவும் நுட்பம். உயரமான இடங்களில் விளிம்பில் நின்று பாலம் கட்டுவது அவன் காரியம். கண்ணாடித் திரையின்மேல் கட்டைவிரலால் தடவி நடக்கும் எங்களிருவருக்கும் அது சாத்தியமில்லை. ஆகையால் நாங்கள் கோதுமை விதைக்கிறோம், ஆடு வளர்க்கிறோம், மரம் வெட்டிப் பெட்டிகளில் அடுக்குகிறோம். இந்த வேலைப் பிரிவினையை யாரும் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கவில்லை. அவரவர் சாதனத்தின் இயல்பே அதைச் செய்து கொடுத்தது.

மழைக் காலத்தில் மலைமேல் சிக்னல் நிலையாக நிற்பதில்லை. சிக்னல் போனவுடன் என் உருவம் அந்த உலகத்திலிருந்து மறைந்துவிடும். பிறகு எப்போது திரும்பினாலும், விட்ட அதே இடத்தில்தான் தோன்றும். அந்த இடம் நடுக்காடாகவும் அந்த நேரம் இரவாகவும் இருந்துவிட்டால், தோன்றியவுடன் சாவு நிச்சயம். ஒருமுறை நெடுநேரம் சிக்னல் இல்லாமல் கிடந்து, நள்ளிரவுக்கு மேல் உள்ளே நுழைந்தபோது, நான் மறைந்த இடத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கற்சுவர் எழுப்பி, மேலே கூரை வேய்ந்து, உள்ளே தீப்பந்தங்கள் நட்டு, ஒரு பெட்டியில் ரொட்டியும் வைத்து, எனக்காக உலகத்தின் கதவையும் திறந்தபடியே விட்டுவிட்டு நண்பர்கள் போயிருந்ததைக் கண்டேன். வெளிச்சம் உள்ள இடத்தில் அந்த ஜந்துக்கள் தோன்ற மாட்டா என்பது ஆட்டத்தின் விதி. இல்லாத ஒருவனுடைய இடத்தைக் காவல் காக்கும் அந்தச் சிறு கல் அறையைப் பார்த்து நான் அடைந்த நெகிழ்ச்சி, பிரத்தியட்ச உலகத்தில் நண்பர் செய்த பல உபகாரங்களின்போதும் எனக்கு ஏற்பட்டதில்லை என்று சொன்னால் அது மிகையன்று.

இவ்வளவு வேறுபட்ட யந்திரங்கள் எப்படி ஒரே உலகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். நான் ஒரு கல்லை எடுத்து வைத்தால், கல் வைக்கும் காட்சி கோயம்புத்தூருக்குப் போவதில்லை. 'இன்ன இடத்தில் இன்ன கல் வைக்கப்பட்டது' என்ற செய்தி மட்டுமே போகிறது. அந்தச் செய்தியை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு யந்திரமும், தன் சக்திக்கு ஏற்ற அழகோடும் தூரத்தோடும், தனக்கென்று ஓர் உலகத்தை வரைந்துகொள்கிறது. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று நிர்ணயிக்கும் அதிகாரம் ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது. என் செய்தி அங்கே போய்ச் சேரத் தாமதமானால் நான் உடைத்த கல் என் கண் முன்னாலேயே மறுபடி முளைத்து நிற்கும். ஆக, இந்த யந்திரங்களிடையே பொதுவாக இருப்பது படமன்று, விதியும் செய்தியுமே. அவை மிகச் சிறியவை; மலைச் சரிவிலுள்ள ஓர் ஏழைச் செல்பேசியின் பலவீனமான அலையிலும் அவை ஏறிப் போகும். யந்திரங்களின் ஏற்றத்தாழ்வு நட்புக்குத் தடை என்று சொல்வதற்கு, குறைந்தபட்சம் இவ்வகை விளையாட்டுகளில், யந்திர சாஸ்திரத்திடம் காரணம் கிடையாது.

இருந்தும் தடை நெடுங்காலம் இருந்தது. 2002ஆம் ஆண்டிலேயே, ஜப்பானில் வெளியான ஃபைனல் ஃபேன்டஸி 11 என்ற ஆட்டத்தில், ப்ளேஸ்டேஷன் 2 வைத்திருந்தவரும் கணினி வைத்திருந்தவரும் ஒரே உலகத்தில் உலாவினார்கள். முடியும் என்பதற்கு அன்றே சாட்சி இருந்தது. அதன் பின்னரும் பல்லாண்டுகள் ஒவ்வொரு கன்சோல் நிறுவனமும் தன் வாடிக்கைக்காரரைத் தன் மதிலுக்குள்ளேயே வைத்துக் காத்தது. மைன்கிராஃப்டில் 2017 செப்டம்பரில்தான் செல்பேசியும் விண்டோஸ் கணினியும் எக்ஸ்பாக்ஸும் ஒன்று சேர்ந்தன. 2018 ஜூனில் நின்டெண்டோ ஸ்விட்ச் சேர்ந்தது. ப்ளேஸ்டேஷன் வந்து சேர 2019 டிசம்பர் ஆயிற்று. இடையில் ஃபோர்ட்நைட் ஆட்டம் 2018 ஜூனில் ஸ்விட்ச்சுக்கு வந்தபோது, ப்ளேஸ்டேஷனில் ஆடிய கணக்கோடு அங்கே நுழைய முடியாமல் திகைத்தவர்கள் அநேகர். எழுந்த கூக்குரலுக்குப் பின் அந்த ஆண்டு செப்டம்பர் 26 அன்று ப்ளேஸ்டேஷனுக்கு உரிய சோனி நிறுவனம் கதவைத் திறக்கச் சம்மதித்தது. ஃபோர்ட்நைட்டுக்கு உரிய எபிக் நிறுவனம் ஆப்பிளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கின் ஆவணங்கள் 2021இல் வெளிவந்தபோது, இப்படித் தளங்கள் கலப்பதால் தன் வருமானம் குறைந்தால் அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்று சோனி நிபந்தனை விதித்திருந்த செய்தியும் தெரியலாயிற்று. மதில் எதனால் கட்டப்பட்டது என்பதில் அதற்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை.

நம் நாட்டில் ஆடுபுலி ஆட்டத்துக்கு அரங்கம் யாருடைய சொத்தும் அல்ல. கோயில் மண்டபத்தின் தளக்கல்லில் கீறினாலும், மாடு மேய்க்கும் இடத்துப் பாறையில் கரியால் கோடு இழுத்தாலும், ஈர மண்ணில் குச்சியால் வரைந்தாலும் ஆட்டம் ஒன்றே. 3 புலிக்கு 3 புளியங்கொட்டை, 15 ஆட்டுக்கு 15 கூழாங்கல், அவ்வளவுதான் தேவை. ஒரு மலையில் கற்றவன் இன்னொரு மலையில் உட்கார்ந்து எவரோடும் ஆடலாம். விதியை அறிந்தவர் யாவரும் ஆட்டத்துக்கு உரியவர் என்ற இந்தப் பழைய தர்மம், யந்திர யுகத்தில் சில காலம் விலைக்கு விற்கப்பட்டு, வழக்குக்கும் வாதத்துக்கும் பிறகு பாதியளவு மீட்கப்பட்டிருக்கிறது.

பாதியளவு என்று சொல்லக் காரணம் உண்டு. போட்டி விளையாட்டுகளில் சாதன வேறுபாடு மெய்யாகவே ஒரு சங்கடம். துப்பாக்கிச் சண்டையில் மௌஸ் பிடித்தவன் கண்ணாடியில் விரல் தேய்ப்பவனை எளிதில் வீழ்த்திவிடுவான்; அதை நியாயம் என்று எவரும் சொல்ல மாட்டார். ஆகையால்தான் பப்ஜி மொபைல் ஆட்டத்தில், செல்பேசி ஆட்டத்தையே கணினியில் எமுலேட்டர் வைத்து ஆடுகிறவர்களைத் தனிக் கூட்டமாகப் பிரித்து அவர்களுக்குள்ளேயே மோத விட்டார்கள்; அவர்களோடு சேர்ந்து ஆட விரும்பும் செல்பேசிக்காரனும் அந்தக் கூட்டத்துக்கே போக வேண்டும். போட்டியில் ஏற்றத்தாழ்வான கருவி அநீதியாகிறது. அதே ஏற்றத்தாழ்வு கூட்டு முயற்சியில் செல்வமாகிறது. நால்வரும் ஒரே தூரத்தைப் பார்த்து, ஒரே நுட்பத்தோடு கை அசைப்பவர்களாக இருந்திருந்தால், எங்களுக்கு ஒருவரை ஒருவர் நாட வேண்டிய அவசியமே ஏற்பட்டிராது.

இதற்கு ஒரு சரித்திரச் சான்று இந்த மலையிலேயே இருக்கிறது என்பதுதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் போகும் வழியில், காவலூரில், வானியல் அறிஞர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடத்தில், அவர் பெயரையே இன்று தாங்கி ஒரு வானாய்வகம் நிற்கிறது. 1972இல் அங்கே ஒரு மீட்டர் விட்டமுள்ள ஜெய்ஸ் தொலைநோக்கி நிறுவப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தபோது, அதைக் காவலூரிலிருந்தும் இந்தோனேசியாவிலுள்ள லெம்பாங்கிலிருந்தும் ஒருங்கே நோக்கினார்கள். அதைவிடப் பெரிய நிகழ்ச்சி 1977 மார்ச் 10 அன்று வாய்த்தது. அன்றைய இரவு துலா ராசியிலுள்ள ஒரு மங்கலான நட்சத்திரத்தின் குறுக்கே யுரேனஸ் கடந்து போகும் என்று கணித்திருந்தார்கள். அதைப் பார்க்க அமெரிக்க விஞ்ஞானிகள் ஓர் ஆகாய விமானத்தில், 91 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு, இந்து மகா சமுத்திரத்தின் தென்பகுதிக்கு மேல் பறந்தார்கள், ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் தென்னாப்பிரிக்காவிலும் தரையில் நின்று நோக்கியவர்கள் இருந்தார்கள், காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில் கண் வைத்திருந்தார்கள்.

கிரகம் நட்சத்திரத்தை நெருங்குவதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி திடீரென்று குன்றி, மறுபடி தெளிந்தது. விமானத்தில் அது பலமுறை நிகழ்ந்தது. காவலூரிலும் ஒளி குன்றியது பதிவாயிற்று. முதலில் இது கண்டறியப்படாத ஒரு துணைக்கோளின் வேலை என்று நினைத்தவர்கள் உண்டு. ஒரு தடவை ஒளி குன்றியதை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் அப்படி எண்ணுவதே இயல்பு. வெவ்வேறு தேசங்களில், வெவ்வேறு உயரங்களில், வெவ்வேறு அளவான கருவிகளால் எடுத்த பதிவுகளை ஒன்றோடொன்று வைத்து ஒப்பிட்டபோது, ஒளி குன்றியது கிரகத்தின் இரு புறமும் ஒத்த தூரங்களில் என்பதும், ஆகவே அவை யுரேனஸைச் சுற்றியுள்ள மெல்லிய வளையங்கள் என்பதும் தெளிவாயின. சனிக்கு அடுத்தபடியாக இன்னொரு கிரகத்துக்கும் வளையம் உண்டு என்று மனித குலம் அறிந்துகொண்டது அப்படித்தான். விமானத்துக்குக் காவலூர் போட்டியன்று. காவலூருக்கு விமானம் எஜமானனுமன்று. நேரத்தைத் துல்லியமாகக் குறித்தல், பூமியின்மேல் தான் நிற்கும் இடத்தைச் சரியாகச் சொல்லுதல், கண்டதைக் கண்டபடி ஒளிவின்றித் தெரிவித்தல் என்ற விதிகள் மட்டுமே அவர்களுக்குப் பொது.

கானிமீடையும் யுரேனஸையும் நோக்கிய அந்த மலையில் உட்கார்ந்து செல்பேசியில் கோதுமை விதைக்கிறவன் தன்னை அவர்களோடு சேர்த்துப் பேசலாமா என்று ஒருவர் கேட்கலாம். பயனில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் மனிதர் ஒருவரோடொருவர் கொள்ளும் சம்பந்தத்தின் வடிவம் இரண்டிலும் ஒன்றே. தன் கண்ணுக்குத் தெரியாததைப் பிறர் சொல்லக் கேட்டு நம்புவதும், தனக்குத் தெரிவதைப் பிறருக்காகச் சொல்வதும் விஞ்ஞானத்துக்கும் வேண்டிய பயிற்சி, விளையாட்டுக்கும் வேண்டிய பயிற்சி.

இந்த மலையின் மலையாளிப் பழங்குடி இளைஞர்களிடம் கன்சோல் கிடையாது. பெரும்பாலான வீடுகளில் செல்பேசியே முதல் கணினியும் கடைசிக் கணினியும். அறுவடை முடிந்ததும் அவர்களுள் பலர் திருப்பூருக்கும், கேரளத்துக்கும், கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் கூலி வேலைக்குப் போகிறார்கள். போன இடத்திலிருந்து, இரவு வேலை ஓய்ந்த பிறகு, ஊரில் இருக்கும் தோழனோடு பப்ஜி ஆட்டத்தில் நால்வர் கொண்ட ஒரு ஸ்க்வாடில் அவர்கள் கூடுவதைப் பார்த்திருக்கிறேன். சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும் பையன், "நாக் ஆயிட்டேன்டா, வந்து ரிவைவ் பண்ணு" என்று கத்துவான். எங்கோ ஒரு தோட்டத்துக் குடிசையிலிருக்கும் அவன் தோழன், குண்டுமாரிக்கு நடுவில், தான் சாகும் அபாயத்தையும் பொருட்படுத்தாமல், விழுந்தவனருகே சில விநாடிகள் மண்டியிட்டு அவனை எழுப்புவான். சண்டை ஆட்டமாயினும் அதற்குள்ளே இருக்கும் இந்த அம்சம் எனக்கு மிகப் பிரியமானது. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு பப்ஜி உள்பட 118 செயலிகளைத் தடை செய்தது. அதன் இந்தியப் பதிப்பு 2021 ஜூலையில் ஆண்ட்ராய்டுக்கு மட்டும் வந்து, ஐபோனுக்கு ஆகஸ்ட் 18 அன்றுதான் வந்தது. 2022 ஜூலையில் மறுபடி எடுக்கப்பட்டு 2023 மே மாதம் திரும்பியது. அரசாங்கக் காரணங்களின் தகுதியை ஆராய்வது இங்கே என் நோக்கமன்று. ஆனால் ஒவ்வொரு முறையும் கலைந்தது விளையாட்டு மட்டுமன்று, ஊரைவிட்டுப் போனவனும் ஊரில் இருப்பவனும் சந்திக்கும் ஓர் இடமுங்கூட என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிள்ளைகள் தூக்கத்தையும் படிப்பையும் இதில் தொலைக்கிறார்கள் என்று பெற்றோர் படும் வருத்தம் நியாயமானது. பணம் கட்டி ஆடும் ஆட்டங்கள் குடும்பங்களை அழித்தன. 2025இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றி அவற்றை விலக்கியதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சூதையும், நால்வர் கூடி வீடு கட்டும் இந்த ஆட்டத்தையும் 'செல்போன் கேம்' என்று ஒரே வாயால் வைவது விவேகமாகாது. எந்த ஆட்டம் பிள்ளையைத் தனிமைப்படுத்துகிறது, எது அவனைத் தோழர்களுக்குக் கடமைப்பட்டவனாக்குகிறது என்று பக்கத்தில் அமர்ந்து ஒரு மாலை பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த ஒரு மாலையைப் பெரியவர்கள் கொடுக்க வேண்டும்.

விலையுயர்ந்த யந்திரம் வைத்திருக்கும் வாசகரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்தபடியாக ஒரு கூட்டு விளையாட்டை வாங்க எண்ணும்போது, அதன் படங்கள் எவ்வளவு அழகானவை என்று பார்ப்பதற்கு முன்னால், உங்கள் நண்பர்களுள் எல்லாரிலும் எளிய சாதனம் யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். அந்த ஆட்டம் வெவ்வேறு தளங்களை ஒன்று சேர்க்கிறதா, அவருடைய சாதனத்தில் ஓடுமா என்று பாருங்கள். அவரால் வந்து சேர முடிகிற ஆட்டத்தையே வாங்குங்கள்.